சுலோச்சனாவின் பவளத் தொட்டி

பச்சைப் பவளத்தின் அடிக்கிளையில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் இருந்தது. செவ்வாய்க்கிழமை விடியுமுன், ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் ஒரு காலில் ஷூவோடு நின்றபோது வேந்தன் அதைப் பார்த்தான். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டான். வேலை முடிந்து வீடு திரும்பியபோது நாலு வட்டங்கள் இருந்தன. வரிசையாக, ஒரே அளவில், யாரோ பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு எழுந்த மாதிரி.

சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீட்டுக்குள் கடலைக் கொண்டுவந்து வைப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலைதான். ஆனால் வேந்தன் வாரத்தில் ஆறு நாள் இருட்டில் பெங்களூருக்குப் போய் இருட்டில் திரும்புகிறவன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மனைவியின் முகத்தை வெயிலில் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். "பேச்சுத் துணைக்கு ஒரு பேய் கெடச்சாலும் தேவலாங்க" என்று சுலோச்சனா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவளுக்காகத்தான் இந்தத் தொட்டி. நீல விளக்கு, ஓயாமல் முனகும் மோட்டார், இரண்டு ஆரஞ்சு மீன்கள், நடுவில் அந்தப் பச்சைப் பவளம். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் புழுதி ஓடுகளின் இடுக்கு வழியாக இறங்கும் வீட்டில், கதவைத் திறந்தால் உப்பு வாடை அடித்தது. பகலெல்லாம் அவள் தண்ணீரில் கைவிட்டு மீன்களுக்குத் தீனி கொடுப்பாள், அவற்றோடு பேசிக்கொண்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏனோக் வந்தான். ராபர்ட்சன்பேட்டையில் மீன் கடை வைத்திருக்கிற பழைய சினேகிதன். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரை இழுத்துப் பவளத்தின் மேல் பீய்ச்சினான். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து பவளத்தின் பச்சையே செதில் செதிலாகப் பெயர்ந்து மிதந்தது. மிதந்தவை தாமாகச் சுருண்டன. பிறகு விரிந்தன.

"தட்டைப்புழு. எத தின்னுதோ அதோட கலருக்கு மாறிக்கும். கண்ணு எதிர்லயே கீது, தெரியாது" என்றான் ஏனோக்.

"மருந்து?"

"பக்கெட்ல மருந்து கலந்து பவளத்த முக்கி, இதே மாதிரி ஊது, உதுந்துடும். வாரம் ஒருக்கா பண்ணணும். ஆனா முட்டைக்கு மருந்து ஏறாது வேந்தா. அது அடிக்கல்லுல ஒட்டிகினு கீது, பாரு. கல்ல ஒடச்சு தூக்கிப் போட்டுட்டு கிளைய மட்டும் காப்பாத்து."

"அது அப்பா கல்லு."

ஏனோக் சிரிஞ்சைக் கீழே வைத்தான். அவன் வீட்டிலும் அப்படி ஒரு கல் இருந்தது. மைன்ஸ் மூடிய நாளில் கடைசி ஷிப்ட் முடிந்து, சுரங்கத்திலிருந்து ஆளை மேலே தூக்கும் கேஜில் ஏறி வந்தவர்களில் பாதிப் பேர் டிபன் டப்பாவில் ஒரு துண்டு வெள்ளைக் கல்லோடுதான் வெளியே வந்தார்கள். தங்கம் இல்லாத வெறும் கல். வேந்தனின் அப்பா அதைப் புத்தர் படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய பாறைத்தூளோடு இருமி இருமிச் செத்தார். கடலையே பார்க்காத மனுஷன், அவர் கல்லாவது பார்க்கட்டும் என்றுதான் வேந்தன் அதன்மேல் பவளத்தை ஒட்டியிருந்தான்.

தலையை ஆட்டினான். உடைக்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கல்லும் பவளமுமாக மருந்தில் முக்கினான், ஊதினான், உதிர்ந்ததை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பொறுக்கினான். ஒவ்வொரு வாரமும் வட்டங்கள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்தன. நாலாவது வாரம் பச்சை என்பதே இல்லை. எலும்பு மாதிரி வெள்ளையாக நின்றது பவளம்.

"வுடு. திங்க ஒன்னும் இல்லன்னா பத்து நாள்ல தானா செத்துடும்" என்றான் ஏனோக் போனில்.

பத்து நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தான். கல்லின் மேல் புது முட்டைகள். செம்புப் பொடியைத் தடவிய மாதிரி, கல்லின் வெடிப்பு ஒவ்வொன்றிலும். பட்டினி கிடக்கிற புழு முட்டை போடுமா? அப்படியானால் எதைத் தின்கிறது? மீன்கள் இரண்டும் மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன.

அந்த வாரம் முழுக்க இருட்டில், பக்கத்தில், சுலோச்சனா சொறிகிற சத்தம் கேட்டது.

"இன்னா சுலோ?"

"வேர்க்குரு. நீங்க தூங்குங்க, காலைல ரயிலு."

பிறகு சத்தம் நின்றுவிட்டது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவள் தலைக்குக் குளித்துவிட்டு வாசல் வெயிலில் முடியை முன்னால் போட்டு உதறிக்கொண்டிருந்தாள். வேந்தன் டீ டம்ளரோடு பின்னால் வந்தான். பிடரிக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம். அதற்குக் கீழே இன்னொன்று. ரவிக்கைக்குள் இறங்கும் வரை வரிசையாக.

டம்ளரைக் கீழே போட்டான். உள்ளே ஓடினான். தொட்டிக்குள் கைவிட்டுக் கல்லைப் பிடுங்கி, சுத்தியலால் ஒரே போடாகப் போட்டான். அப்பா என்று வாய்விட்டு அழுதான். கல் பிளந்தது. உள்வெடிப்பு முழுக்க முட்டைகள். எல்லாம் ஓடு. காலி ஓடு.

பக்கெட்டில் மருந்து கலந்தான். அளவு பார்க்கவில்லை. அவளை முக்காலியில் உட்காரவைத்து முடியை ஒதுக்கினான். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எதற்கும் நாலு கேள்வி கேட்கிறவள். கை ஜில்லென்று இருந்தது. உப்பு வாடை அவளிடமிருந்து வந்தது.

சிரிஞ்சில் இழுத்தான். கழுத்தில் பீய்ச்சினான்.

ஒன்றும் உதிரவில்லை. தெம்பு வந்தது. வெறும் தேமல்தான் போலிருக்கிறது, நாளைக்கே லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் காட்டிவிடலாம். இன்னொரு முறை பீய்ச்சினான். கொஞ்சம் மேலே, காதுக்குப் பின்னால்.

அங்கே ஒரு மச்சம் இருந்தது. அது நகர்ந்தது.

காதோரத் தோல் விளிம்பு பிரிந்து எழுந்தது. நனைந்த காகிதம் மாதிரி. மாநிறம், அவளுடைய அதே மாநிறம். அடியில் வெள்ளை. ரத்தமில்லை. வெறும் வெள்ளை.

மெதுவாகத் திரும்பப் படிந்துகொண்டது.

"சுலோ."

அவள் திரும்பினாள். வெயில் முகத்தில் நேராக விழுந்தது. எத்தனை நாளாயிற்று இந்த முகத்தை வெயிலில் உற்றுப் பார்த்து?

"இன்னாங்க, நிறுத்திட்டீங்க?" அவள் குரல்தான்.

சிரித்தாள். சிரிப்பு உதட்டில் தொடங்கவில்லை. காதோரத்தில் ஒரு நெளிவாகத் தொடங்கி, கன்னத்தைக் கடந்து, கழுத்தில் இறங்கி, அவன் கை வைத்திருந்த தோள் வரைக்கும் அலையாக வந்தது. வந்து, அவன் விரல்களுக்கு அடியில் நின்றது.