ஈரத்துணிக்கு அப்பால்

கவிழ்த்து வைத்திருந்த கிண்ணத்துக்குள் மணல் இருந்தது.

சியூலான் விரலால் தொட்டுப் பார்த்தாள். மாவு போல மென்மை, மஞ்சள் நிறம். வீட்டின் ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் காலையில்தான் மாவுப் பசை தடவிக் காகிதப் பட்டைகளை ஒட்டியிருந்தாள். "அடியே, அத்தனை மாவையும் ஜன்னலுக்கே ஊட்டிடாதே! புள்ளைக்கு நூடுல்ஸ் பிசையக் கொஞ்சம் மிச்சம் வை" என்று கேலி செய்த பக்கத்து வீட்டு குய்ஜென் அக்கா, வடமேற்கைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பாலைவன விளிம்பிலிருக்கும் மின்சின் ஊரில் புயல் வரும் அந்தத் திசையைப் பார்த்த பிறகு யாரும் சிரிப்பதில்லை.

நண்பகலிலேயே இருட்டிவிட்டது. கருங்காற்று என்கிற அந்த மணற்புயல் சுவரை உரசி உரசிப் போக, அணைந்த அடுப்பின் சாம்பலைக் கிளறியது போன்ற உலர்ந்த வாசனை வீட்டுக்குள் மெல்லப் பரவியது. செங்கல் படுக்கையில் ஆறு வயது ஜிங்யூ சுருண்டு கிடந்தாள். ஒவ்வொரு மூச்சும் மெல்லிய விசிலாக வந்தது. இன்ஹேலரில் மிச்சமிருந்த இரண்டு அழுத்தல்களையும் கொடுத்தாயிற்று.

கதவு தட்டப்பட்டது.

பிறகு இருமல். மூன்று சின்ன இருமல், ஒரு நீண்ட இழுப்பு. பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

போன வசந்தத்தில் இப்படி ஒரு மதியம்தான், மணல் நகராமலிருக்க மேட்டில் வைக்கோல் பதித்துவிட்டு வந்த அவள் கணவன் தேஷுன் இதே கதவைத் தட்டினான். உள்ளே குழந்தைக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. திறந்தால் புழுதி மொத்தமும் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் போகும்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க! புள்ளைக்கு முடியல!"

"நீ திறக்காதே. நான் கிழட்டு ஒட்டகம்டி, எனக்கென்ன" என்றான் அவன்.

காற்று ஓய்ந்து அவள் திறந்தபோது, கதவில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தான். வாய் நிறைய மணல்.

"அம்மா, அப்பா இருமறாரு" என்றாள் ஜிங்யூ. "பாவம்மா."

"அது காத்து, கண்ணு. தூங்கு."

"என்னைக் கூப்பிடறாரும்மா."

சியூலான் மண்டியிட்டு, கதவின் அடியிலிருந்த ஈரத்துணியை இரண்டு கையாலும் இறுக்கித் திணித்தாள். "மன்னிச்சிடுங்க" என்று இடுக்கில் முணுமுணுத்தாள். "இவளை மட்டும் விட்டுடுங்க."

இருமல் நின்றது.

முதுகுக்குப் பின்னால், விசிலும் நின்றது.

மருந்து வேலை செய்துவிட்டது. காலையிலிருந்து இப்போதுதான் குழந்தை இழுப்பில்லாமல் தூங்குகிறாள். சியூலானுக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

போர்வை தட்டையாகக் கிடந்தது. தலையணைப் பள்ளத்தில் ஒரு கைப்பிடி மஞ்சள் மணல்.

ஜன்னல். ஒரு பட்டைகூடக் கிழியவில்லை.

ஈரத்துணி. அசையவில்லை.

கதவு தட்டப்பட்டது. மெதுவாக. இந்த முறை அவள் இடுப்பு உயரத்தில்.

மூன்று சின்ன இருமல். ஒரு நீண்ட இழுப்பு. அதை ஒட்டியே, மெல்லிய விசில்.

"நீ திறக்க வேணாம்மா" என்றது வெளியிலிருந்து குழந்தையின் குரல். "நாங்க பொறுத்துக்கறோம்."