வாழைக்குக் கட்டிய உறை

அத்தானைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடுதான் அன்று மதியம் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அக்கா போய் இரண்டு மாதம். மனுஷன் போனை எடுப்பதே இல்லை. எடுத்தாலும், "வாழையைப் பார்த்துக்கணும், விட்டுட்டு வர முடியாது" என்று ஒரே பாட்டு.

தண்ணீர் உறையும் ஊரில் வாழை வளர்க்க அக்காவைப் போன்ற பிடிவாதக்காரியால்தான் முடியும். தெருவே அவளை 'வாழைக்காரி' என்று கேலி பேசும். ஒரு தடவைகூடக் குலை தள்ளியதில்லை. ஆனாலும் குளிர் தொடங்கியதும் இலைகளை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றி வைக்கோல் அடைத்து, மேலே சாக்கைச் சுற்றி, பச்சைப்பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் போர்த்திவைப்பாள். குளிர் போனபின் பிரித்தால் புதுக் குருத்து எட்டிப் பார்க்கும்.

இந்த வருஷம் அதை அத்தான் செய்திருந்தார்.

தோட்டத்தில் கால் வைத்ததும் நேரே வாழையிடம் போனேன். ஆள் உயரத் தண்டை வைக்கோலோடு சேர்த்துக் கனத்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். செடி வளர்த்துப் பழகியவர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். சாக்கு என்றால் காற்று போய்வரும். பிளாஸ்டிக்குக்குள் வேர்த்து வேர்த்தே தண்டு வீணாகிவிடும்.

"யார் அத்தான் இப்படிக் கட்டச் சொன்னது? அழுகிப் போயிடுமே!"

"மெதுவாப் பேசு," என்றார். "இப்பதான் அசந்திருக்கா."

வேடிக்கையாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

உள்பக்கம் முழுக்க ஆவி படிந்திருந்தது. என் முகத்துக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்குத் தாள் மெல்ல உள்ளே இழுபட்டு ஒட்டியது. பிறகு உப்பியது. அந்த இடம் மட்டும் வெளுத்தது, தெளிந்தது, மறுபடி வெளுத்தது.

துளிக் காற்று இல்லை.

சர்... சர்... என்று அது ஏறி இறங்கும் சத்தம் எனக்குப் பழக்கமானது. ஆஸ்பத்திரியில் தொண்டைக் குழாயோடு அக்கா கிடந்த பதினொரு நாளும் கேட்டது. இனிப் பிழைக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியும் அத்தான் குழாயை எடுக்க விடவில்லை. அவளே பிடுங்கப் பார்த்தாள். அப்போது அவள் கைகளைக் கட்டிலோடு கட்டிவைக்கக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஆசையில் செய்தார், தெரியும். ஆனால் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை.

"பிரிச்சிடலாம் அத்தான்."

"பனி கொட்டுது. வெளிய வந்தா செத்துடுவா."

"உள்ளயும் மூச்சு முட்டுதே. உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் வாயைத் திறக்குமுன் வேறொரு சத்தம் வந்தது.

நகத்தால் கீறும் சத்தம்.

இடுப்பு உயரத்தில். இரண்டு பக்கமும்.

கயிறு விண்ணென்று அதிர்ந்தது.

"கையை இழுக்காதம்மா, புண்ணாயிடும்," என்றார் அத்தான் தாழ்ந்த குரலில். ஆஸ்பத்திரியில் அவளிடம் சொன்ன அதே பேச்சு. தன் வாயால் சொன்னது தன் காதில் விழுந்ததும் மனுஷன் உடைந்துபோனார். அவரே முடிச்சுகளை அவிழ்த்தார். உதவிக்குப் போன என் கையைத் தள்ளிவிட்டார்.

தாள் விலகியதும் வெதுவெதுப்பாக ஒரு வாடை முகத்தில் அடித்தது. அழுகல் வாடையோடு ஆஸ்பத்திரி மருந்து வாடை. வைக்கோல் சரிந்தது. உள்ளே கறுத்துக் குழைந்த தண்டு மட்டும் இருந்தது. அது மெல்லச் சாய்ந்து அவர் தோளில் விழுந்தது.

"நான்தான் உன்னைப் போகவிடல," என்று அதைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

பிறகு மறுபேச்சுப் பேசாமல் கிளம்பினார். அவர் பெட்டியை டிக்கியில் வைத்தேன். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனை திரும்பியதும் காருக்குள் மணி அடித்தது. பின்சீட்டில் யாராவது பெல்ட் போடாமல் உட்கார்ந்தால் அடிக்கும் மணி.

பின்சீட்டில் ஒரு பைகூட இல்லை.

அத்தான் தன் பெல்ட்டைத் தளர்த்தி, பின்னால் எட்டி, அந்தக் காலிச் சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது.

க்ளிக்.

யாரோ கழற்றினார்கள். மணி மறுபடி அடித்தது.

இன்னொரு முறை மாட்டினார். இன்னொரு முறை கழன்றது.

மூன்றாம் முறை நீட்டிய கை பாதியில் நின்றது. "வேணாமா?" என்றார். "சரிம்மா. கட்டல."

கைகளை மடியில் வைத்துக்கொண்டார். என் வீடு போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. அத்தனை தூரமும் அந்த மணி அடித்துக்கொண்டே வந்தது.