பானைக்குள் வாட்ச்மேன்

காய்ந்து கிடந்த மீன்தொட்டியின் கண்ணாடியில், உட்பக்கமாக, ஓர் ஈர வட்டம் இருந்தது.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். நாள் முழுக்க மற்றவர்களின் ஒரு கண்ணை மூடவைத்து, இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கண்ணில் பட்டது இதுதான். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். நடுவில் காய்ந்து, ஓரத்தில் மட்டும் ஈரம். ஜன்னல்கள் சாத்தியபடியே இருந்தன. பிளீச்சிங் பவுடர் நெடி இன்னும் ஹாலை விட்டுப் போகாமல் மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. அதற்கடியில் இன்னொரு வாடையும் இருந்தது, பாசி படிந்த பழைய தண்ணீரின் வாடை, அவனே தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்ட வாடை. கைக்குட்டையை எடுத்து வட்டத்தைத் துடைத்தான். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம்.

தொட்டி அவன் மனைவியுடையது. முதல் பிள்ளை வயிற்றிலேயே அசைவு நின்றுபோன வருஷம், "வீட்ல ஏதாவது ஒண்ணு அசைஞ்சுக்கிட்டே இருக்கட்டும்" என்று சொல்லி வாங்கி வந்தாள். இப்போது மறுபடி மாசமாக இருக்கிறாள். படுக்கையைவிட்டு எழவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட, வெளியூரில் அம்மா வீட்டில் படுத்திருக்கிறாள். கிளம்பும்போது அவள் விட்டுப்போன ஒரே வேலை மீன்களைப் பார்த்துக்கொள்வது. புருஷன்காரன் அந்த ஒன்றில்தான் கோட்டை விட்டான்.

முதலில் தங்கமீன் மல்லாந்து மிதந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும். உடம்பில் புள்ளி இல்லை, செதில் உதிரவில்லை, தண்ணீரும் கலங்கவில்லை. பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு மீன் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணியில ஒரு கோளாறும் இல்லைங்க. என்னன்னே தெரியாம சாகுதுன்னா, மிச்சம் இருக்கிறதை வேற தண்ணிக்கு மாத்திட்டு, தொட்டியை பிளீச்சிங் போட்டு ஊறவெச்சுக் கழுவிடுங்க. உள்ள ஒரு மீனும் இருக்கக்கூடாது, பார்த்துக்குங்க."

"எல்லாம் போயிடுச்சுங்க," என்றான்.

எல்லாம் போகவில்லை. வாட்ச்மேன் இருந்தான். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கறுப்பு மீன் அது. பகல் முழுக்கத் தொட்டியின் மூலையில் கிடக்கும் சின்ன மண்பானைக்குள் தூங்கிவிட்டு, விளக்கணைத்த பிறகு வெளியே வந்து ரோந்து சுற்றுவதால் அவள் வைத்த பேர். "இந்த வீட்ல ஒழுங்கா வேலை பாக்குறது இவன் ஒருத்தன்தான்" என்று புருஷனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்வாள். அந்தப் பானையை ஒருமுறை கவிழ்த்துப் பார்த்திருக்கலாம். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவன் அதைப் பார்க்கவில்லை. அவள் ஃபோனில் கேட்கும்போதெல்லாம் எல்லா மீனும் சௌக்கியம் என்று வாய் கூசாமல் சொல்லிவந்தவனுக்கு, தொட்டியைச் சட்டென்று கழுவிக் காயவைத்து அதே நிறத்தில் வேறு மீன்களை வாங்கி விட்டுவிட வேண்டும் என்ற அவசரம். பாதித் தண்ணீரை இறைத்தான். பவுடரைக் கரைத்து ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் பானைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டொக், டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

என்ன சத்தம் என்று அவனுக்குத் தெரியும். தொட்டியடியில் பரப்பியிருக்கும் கூழாங்கல்மேல் பானை ஆடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்போதே கையை விட்டு எடுத்திருக்கலாம். ஆனால் பாதி வெந்த மீனை உயிரோடு கையில் வைத்துக்கொண்டு அவளிடம் என்ன சொல்வது? செத்தே போய்விட்டால் அதே மாதிரி இன்னொன்று வாங்கிவிடலாம். இந்த நினைப்பு வந்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். வாளி நிரம்பி வழிந்தது. அந்தச் சத்தம் ஓய்ந்திருக்கும் என்று தோன்றும் வரைக்கும் வழியவிட்டான்.

எடுத்தபோது கண் இரண்டும் வெளுத்திருந்தன. வாய் மட்டும் பானையின் உட்சுவரைப் பிடித்த பிடி விடவில்லை. பிய்த்தெடுத்து, செய்தித்தாளில் சுற்றி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டான். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர் "என்ன சார், வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்டதற்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எதையோ முணுமுணுத்துவிட்டு வந்தான். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது.

கைக்குட்டையை மடித்துவிட்டு நிமிர்ந்தான். வட்டம் மறுபடி இருந்தது. துடைத்த இடத்தில் இல்லை, ஒரு சாண் மேலே.

துடைத்தான். தொட்டியின் விளிம்பில் இன்னொன்று. கழுவும்போது தெறித்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வெளிப்பக்கம் பார்த்தான். அங்கேயும் ஒன்று. அடுத்தது பக்கத்துச் சுவரில், பளபளவென்று. அதற்கடுத்தது ஃபிரிட்ஜ் கதவில். ஒவ்வொன்றுக்கும் நடுவே அதே ஒரு சாண். குளியலறைக் கண்ணாடியில் நான்கைந்து சேர்ந்தாற்போல் இருந்தன, அவன் முகம் தெரிகிற உயரத்தில். கடைசி வட்டத்திலிருந்து தண்ணீர் ஒரு கோடாக வழிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் ஒட்டி எடுத்த ஈரம்.

இடது கண்ணில் பார்வை மங்கியது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். வட்டம். உட்பக்கம். இமைக்கு எதிரே.

ஹாலுக்கு ஓடி வந்தான். எல்லா விளக்கையும் போட்டான். தொட்டி காய்ந்து கிடந்தது. மூலையில் பானை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

டொக், டொக். கொஞ்சம் விட்டு.

டொக்.

ஃபோன் அடித்தது. அவள்தான், வீடியோ காலில். தலையணையில் சாய்ந்திருந்தாள், முகம் வெளிறியிருந்தது.

"என்னங்க, காலையில இருந்து பிள்ளை அசையவே இல்லைங்க. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறோம். அண்ணன் வண்டி எடுக்கப் போயிருக்கான்." சொல்லும்போதே குரல் உடைந்தது. "போன தடவையும் இப்படித்தான..."

"அப்படில்லாம் ஒண்ணும் இருக்காதும்மா. நானும் இப்பவே கிளம்பி வரேன்."

"ஒரே ஒரு தடவை மீனைக் காட்டுங்களேன். வாட்ச்மேனையாவது. ஏதாவது அசையறதைப் பார்த்தாத் தேவலை போல இருக்கு."

அவன் கூனிக் குறுகிப்போனான். முதுகுக்குப் பின்னால் பானைக்குள் தட்டிக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் சொன்ன பொய் ஒவ்வொன்றும் தொண்டையில் வந்து நின்றது. இனியும் மறைத்தால் மனுஷனே இல்லை என்று தோன்றியது. பயமும் அவனை அந்தப் பக்கமே தள்ளியது. சொல்லிவிட்டால், அவள் வாயால் நாலு திட்டு வாங்கிவிட்டால், இதெல்லாம் நின்றுவிடும்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். வாட்ச்மேனை..."

பானைக்குள் சத்தம் நின்றது.

வீடு முழுக்க நிசப்தம். குழாய் சொட்டுவதுகூடக் கேட்கவில்லை.

"இருங்க," என்றாள் அவள். கண்கள் விரிந்தன. "இருங்க, இருங்க. அம்மா! அம்மா, இங்க வாயேன்! அசையுதுங்க! தட்டுதுங்க!"

அழுகையும் சிரிப்புமாக ஃபோனை இறக்கி வயிற்றின்மேல் வைத்தாள். திரை இருண்டது.

"கேக்குதா?"

டொக், டொக்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது வரக்கூடாது. வரக்கூடாது.

டொக்.

"கேட்டுச்சாங்க? இதுவரைக்கும் இப்படித் தட்டினதே இல்லை. இங்க பாருங்க, வெளியவே தெரியுது." நைட்டியை ஒதுக்கி, ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். பின்னால் அவள் அம்மா சாமியைக் கூப்பிட்டு அழுவது கேட்டது. "இதோ, இந்த இடம். கையா காலான்னு எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியுதா?"

தெரிந்தது. அவனுக்கு நன்றாகவே தெரிந்தது.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்லம்மா," என்றான். "கால்தான் அது."

இறுகி விரிந்திருந்த அவள் வயிற்றில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக, தோல் ஒரு வட்டமாக உள்ளே இழுபட்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டே அதைத் தடவிக் கொடுத்தாள். அது பிடியை விட்டது. பிறகு ஒரு சாண் மேலே, அவள் நெஞ்சை நோக்கி நகர்ந்து, மறுபடி உள்ளிருந்து ஒட்டிக்கொண்டது.