பதினேழாம் பேராளர்

மாநாட்டு அரங்கில் ஒரு நாற்காலிகூட இல்லை. கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய பேராளர்களின் மனநகல்கள் எல்லாம் ஒரே ஒரு அலமாரிக்குள் அடங்கிவிட்டன.

முன்பெல்லாம் கட்சிக்காரர்கள் வாக்களிக்கும் மாநில முதனிலைத் தேர்தல் முடிந்ததும் பேராளர்களைப் பேருந்தில் ஏற்றி, சொகுசு விடுதியில் அடைத்து, கைப்பேசியைப் பிடுங்கி வைப்பார்கள். அப்படியும் பாதிப் பேர் விலைபோனார்கள். அந்தக் கூத்து போதும் என்றுதான் மனநகலைக் கொண்டுவந்தார்கள். முதனிலைத் தேர்தலில் வாங்கிய வாக்குக்கு ஏற்ப ஒவ்வொரு வேட்பாளருக்கும் பேராளர் இடங்கள். பதினைந்து சதவீதத்தைத் தொடாதவருக்கு ஒன்றும் கிடையாது. அவரவருக்கு வாக்களித்தவர்களில் குலுக்கலில் வருபவரின் மனத்தைப் படியெடுத்து அனுப்புவார்கள். முதல் சுற்றில் நகல் தன் வேட்பாளருக்குக் கட்டுப்பட்டது. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், இரண்டாம் சுற்றில் தன் மனம்போல வாக்களிக்கலாம்.

போட்டியிட்ட மூவரில், குருசடிக்கரையின் கடலோரத்தில் ராக்கெட் ஏவுதளம் வராது என்று சொன்னவர் எழிலரசி. வந்தே தீரும் என்றவர் மருதன். பதினோரு வருடமாக ஊரைத் திரட்டிப் போராடிய ஜெனோவா குலுக்கலில் எழிலரசியின் பதினேழாம் பேராளரானபோது ஊரே வெடி வெடித்தது.

முதல் சுற்றில் மூவருக்குமே பெரும்பான்மை இல்லை. இரண்டாம் சுற்றில் மூன்றாமவரின் நகல்கள் இரு பக்கமும் பிரிய, மருதன் ஒரே வாக்கில் வென்றார். எழிலரசி பக்கமிருந்து அணி மாறியது ஒரே ஒரு நகல். போராட்டப் பந்தலில் மாட்டியிருந்த திரையில் அதன் பெயர் வந்தது.

“யக்கா, ஒம் பேருல்லா போட்டுருக்கான்?” என்றான் சூசைராஜ். பதினோரு வருடமும் அவளுக்குத் தோள்கொடுத்தவன்.

ஜெனோவா வீட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள். தன் நகலோடு பேச அவளுக்கு உரிமை உண்டு. இணைப்பு கிடைத்ததும் கத்தினாள்.

“எவன் ஒன்ன வாங்குனான்? ஊரையே வித்துட்டியே, பாவி!”

“என்னை யாராலயும் வாங்க முடியாது. அது ஒனக்கே தெரியும்” என்றது அவளுடைய குரல். “எழிலரசி ஜெயிச்சா ஏவுதளம் வராது. மறுநாளே பந்தலைப் பிரிச்சிருவாங்க. பெறவு ஒன்ன யாரு தேடி வருவா?”

“நான் அப்படி நெனச்சதே இல்ல.”

“யார்ட்டயும் சொன்னதில்ல.”

இவ்வளவு பெரிய துரோகத்தை வேறு எவனாவது செய்திருந்தால் வாய்விட்டுச் சபித்திருக்கலாம். இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

வெளியே வந்தபோது ஊர் முழுக்க வாசலில் நின்றது. யாரும் அவளைத் திட்டவில்லை. சூசைராஜ் ஒலிபெருக்கியை நீட்டினான்.

“அந்த நகல் என்ன சொல்லுச்சுக்கா?”

அவள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

“அது என் நகலே இல்ல” என்றாள் ஜெனோவா. “என் நகல் இருந்த பொட்டியை மாத்திட்டானுவ. நாளையில இருந்து போராட்டத்தை மறுபடி தொடங்குவோம்.”

கூட்டம் அவள் பெயரைச் சொல்லி முழங்கியது. அவளுக்கு அது பிடித்திருந்தது.