வெளித்தகடு: ஜீரோ வோல்ட்

எந்த இடத்தில் எத்தனை வோல்ட் என்று, கம்ப்யூட்டருக்கு இரண்டே இரண்டு எல்லை நிபந்தனைகள்தான் கொடுத்திருந்தாள். பட்டியலில் மூன்று இருந்தன.

விடுமுறை நாள் மதியம். மாடி முழுக்க அவள் ஒருத்திதான். வரிசையாக அணைந்து கிடந்த திரைகள், யாரோ பாதி குடித்து வைத்துப்போன காபியின் புளித்த வாடை, மேசைக்கடியில் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கும் கம்ப்யூட்டர் விசிறியின் சத்தம். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். சூடேற்றும் காயிலின் ஒரு முனைக்கு 230 வோல்ட். மறுமுனைக்கு ஜீரோ. இவை அவள் கொடுத்தவை. மூன்றாவது வரி: கரண்ட் வெளியேறும் இடம், 80 மில்லி ஆம்பியர்.

"தூக்கம் கெட்டு மூளையும் கெட்டுப்போச்சு" என்று தன்னையே திட்டிக்கொண்டு அதை அழித்தாள்.

பதினாறு நாளாகத் தூக்கமில்லை. திரையில் இருந்தது அவள் கம்பெனியின் புதுப் பெட்டி, வீட்டில் துணி உலர்த்துவதற்காக அலமாரி உயரத்துக்குத் தகட்டில் செய்தது. கரண்ட் அதில் எங்கே போகும், எங்கே போகாது என்று சாஃப்ட்வேரில் ஓட்டிப் பார்த்தது அவள். செய்து முடித்த முதல் பெட்டியைச் சோதித்தது அவள் தம்பி. அக்கா போடுகிற கணக்கைத் தம்பி தட்டவே மாட்டான் என்று கேன்டீனில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

அந்தக் கணக்கில்தான் கோளாறு. ஆரம்பத்தில், வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று, வெளித்தகட்டுக்கும் ஜீரோ வோல்ட் என்று அவளே ஒரு நிபந்தனை கொடுத்திருந்தாள். கொடுத்ததை மறந்தும் போனாள். மூன்று வாரம் கழித்து முடிவைப் பார்த்தால் தகடு முழுக்க நீலம். அட, தகட்டுக்குக் கரண்டே வரவில்லையே, எர்த் வயர் எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டாள். தானே எழுதி வைத்த பதிலைத் தானே படித்து ஏமாந்த மடச்சி!

சோதனை அன்றைக்குத் தம்பி போனில் கேட்டான். "அக்கா, ஈரத்துணியோட ஓடிட்டிருக்கு. தகட்டைத் தொட்டுப் பாக்கட்டுமா?"

"தொடுடா. ஒண்ணும் ஆகாது. ஜீரோதான்."

நாளை அவன் சாவுக்கு விசாரணை. இன்றுதான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, தகட்டுக்குக் கொடுத்த அந்த ஜீரோவை எடுத்துவிட்டு ஓட்டினாள். தகடு முழுக்கச் சிவந்தது, அத்தனையும் கரண்ட். கூடவே அந்த மூன்றாவது வரியும் வந்தது.

அழித்தபின் மறுபடி ஓட்டினாள். வரி திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. அதன்மேல் அமுக்கினாள். தகட்டில் நெஞ்சு உயரத்தில் ஒரு சின்ன இடம் மின்னியது. கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

ஒரு உள்ளங்கை. விரல்கள். அவள் வரையவில்லை. நடுவிரல் பாதிதான் இருந்தது.

தம்பி ஏழு வயதில் டேபிள் ஃபேனில் விட்ட விரல். அப்போதும் ரத்தம் சொட்டச் சொட்ட, "அம்மாகிட்ட சொல்லாதக்கா" என்றவன் அவன்.

சட்டைக் கை கருகிய வாடை வந்தது. ஆஸ்பத்திரியில் அவன் சட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தார்களே, அதே வாடை.

"எடுடா கையை" என்றாள். "எடுடா தங்கம். அக்கா தெரியாம சொல்லிட்டேன்டா."

அழித்தாள். வந்தது. அழித்தாள். வந்தது. கடைசியில் தகட்டுக்குப் பழையபடி ஜீரோ கொடுத்தாள். கை மறைந்தது. எல்லாம் நீலம். மேசையில் தலையை வைத்து அழுதாள்.

போன் அடித்தது. மேனேஜர்.

"என்னம்மா, அறிக்கை ரெடியா? நாப்பது பெட்டி கீழ வண்டியில ஏத்தியாச்சு. நீ அனுப்பினா கிளம்பிடும். கையுறை போடாம தொட்டுட்டான்னு எழுதிடு."

"சார், தப்பு என்னோடதுதான் சார். எர்த் வயரை நான்தான்..."

"சும்மா இரும்மா. உங்கம்மாவுக்கு இனி நீ ஒருத்திதான். போனவன் வந்து கேக்கவா போறான்?"

பிள்ளையைக் கொன்றதே இன்னொரு பிள்ளைதான் என்று அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? ராத்திரி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருக்கிறாள் அம்மா. அம்மா அந்தக் கையை உதறிவிட்டால்? அம்மாகிட்ட சொல்லாதக்கா. அவனே சொன்னதுதானே.

கையுறை அணியவில்லை என்று எழுதினாள். பெட்டியில் குறையில்லை என்றும் எழுதினாள். அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே வண்டி உறுமிக் கிளம்பியது. கேட் திறந்து மூடியது.

விசிறிச் சத்தம் ஏறியது. அவள் எதையும் தொடவில்லை. பட்டியலிலிருந்து தகட்டின் ஜீரோ தானாகவே காணாமல் போனது. நீலம் சிவந்தது. நெஞ்சு உயரத்தில் அவன் கை.

நாலாவது வரி. ஐந்தாவது. ஆறு. வரிகள் கீழே கீழே ஓடின. நாற்பத்து மூன்றில் நின்றன. அவள் கொடுத்தவை இரண்டு. அவன் ஒன்று. மீதி நாற்பது.

மோதிரம் போட்ட கை. சுருக்கம் விழுந்த கை. சோப்பு நுரையோடு ஒரு கை. எல்லாம் தகட்டில் ஒட்டிக்கொண்டு. எல்லாவற்றுக்கும் எதிரே 80, ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட்.

மேனேஜரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

கருகல் வாடை மாடி முழுக்கப் பரவியது. முழங்கால் உயரத்தில், எல்லாவற்றுக்கும் கீழே, ஒரு கை. குழந்தைக் கை. நடக்கப் பழகுகிறபோது எதையாவது பிடித்துக்கொள்ளுமே, அப்படி விரலை விரித்து.

அவன் கை அசைந்தது.

மெல்ல, தகட்டோடு தேய்ந்தபடி கீழே இறங்கியது. குழந்தைக் கைமேல் வந்து நின்றது. பாதி விரலை அந்தக் குட்டி விரல்களுக்கு அடியில் கொடுத்துத் தூக்கப் பார்த்தது. மறுபடி. மறுபடி.

அந்தச் சின்னக் கை தகட்டை விடவே இல்லை.