பேர் போன ஃபிரேம் கடைக்காரர்

ஜாலான் புசார் பக்கம் படத்துக்கு ஃபிரேம் போட வேண்டுமென்றால் எல்லாரும் கைகாட்டுவது ஒரே கடையைத்தான். நாற்பது வருடமாகப் பேர் போன கடை. கடைக்காரரும் பேர் போனவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு புதன்கிழமை மத்தியானம், மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், திவ்யதர்ஷினி ஓர் அட்டை உறையோடு உள்ளே வந்தாள். பழைய படங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவள். உறைக்குள் ஒரு ஜப்பானியக் காகிதம். அதில் விசிறி வடிவத்துக்குள் அச்சடித்த ஒரு படம். கொண்டை நிறைய ஊசி செருகிய தாசி ஒருத்தி, அவளுக்குப் பின்னால் கேஸ் விளக்கு, தூரத்தில் புகைவிடும் ரயில்.

“வெட்டி மூங்கில்ல ஒட்டினா கைவிசிறி அண்ணே. இத யாரும் வெட்டல. அந்தக் காலத்துல ஜப்பான்லேருந்து இங்க தொழிலுக்குக் கொண்டாந்த பொண்ணு ஒருத்தி வெச்சிருந்தது. ஓரத்துல அவளே பேர் எழுதியிருக்கா, பாருங்க. அவ கல்லறையில கூடப் பேர் இல்ல. இங்க மட்டும்தான் இருக்கு. மார்ஜின மட்டும் வெட்டிடாதீங்க லா.”

“நான் பாத்துக்கிறேன்மா,” என்றார்.

அவள் போனதும் ஓரத்தை உற்றுப் பார்த்தார். கறை, கலங்கிய மை, கோணல் எழுத்து. நேர்த்திக்குப் பழகிய கண்ணுக்கு எல்லாமே அழுக்கு.

“இந்தத் தொழில் பண்ணவளுக்குப் பேர் ஒரு கேடா?”

முணுமுணுத்துக்கொண்டே கத்தியை எடுத்தார். விசிறிக் கோட்டை ஒட்டி ஒரே இழுப்பு. பெயர் எழுதிய துண்டு குப்பைக்கூடையில் விழுந்தது.

மின்விசிறி நின்றது.

கரண்ட் போகவில்லை, விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் பிடரியில் காற்று பட்டது, யாரோ கைவிசிறியால் விட்டு விட்டு வீசுவது போல. முன்பின் அறியாத தலையெண்ணெய் வாசனை ஒன்று எழுந்தது. அதனோடு நிலக்கரிப் புகையும் வந்தது.

டக். டக்.

மரச்செருப்புச் சத்தம். கடைக்குள்தான்.

திரும்பினால் யாருமில்லை. பயத்தை விழுங்கிக்கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமின் முதுகிலும் ஒட்டும் சீட்டில் தன் பெயரை எழுத உட்கார்ந்தார். பேனா அப்படியே நின்றது. எழுத வேண்டியது என்னவென்றே நினைவுக்கு வரவில்லை. அடையாள அட்டையான ஐசியை எடுத்துப் பார்த்தார். போட்டோ இருந்தது, பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

பிடோக்கில் வீட்டிலிருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

“விசாலாட்சி, எம்பேரச் சொல்லு.”

“என்னங்க இது விளையாட்டு? கட்டின நாள்லேருந்து உங்க பேர நான் சொன்னதுண்டா?”

“இன்னிக்கு ஒரே ஒரு தடவ சொல்லு. கெஞ்சிக் கேக்குறேன்.”

முப்பத்தெட்டு வருடமாக மரியாதைக்கு அடக்கி வைத்த பெயரை அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

டக்.

சத்தம் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

“ஹலோ,” என்றாள் விசாலாட்சி. குரலில் பழகியவரிடம் பேசும் தொனி போயிருந்தது. “யாருங்க பேசுறீங்க?”

மறுநாள் திவ்யதர்ஷினி வந்தபோது கடை திறந்து கிடந்தது. மேசைமேல் படம் ஃபிரேமுக்குள் தயாராக இருந்தது. ஓரம் துளிகூடக் குறையவில்லை. பெயரும் இருந்தது, மை காயாமல்.

வாசலில் ஓர் அம்மா தயங்கி நின்றாள்.

“பிடோக்லேருந்து வர்றேன்மா. எதுக்கு வந்தேன்னுதான் தெரியல.”

படம் கண்ணில் பட்டதும் விசாலாட்சி கிட்டே வந்தாள். கேஸ் விளக்கின் கீழே, நேற்றுவரை இல்லாத ஒரு வயதானவர், கையில் கத்தியோடு, எதையோ கத்திச் சொல்வது போல வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.

“இவர எங்கேயோ பாத்திருக்கேன்,” என்றாள், தாலியை விரலால் நெருடிக்கொண்டே. “பேர்தான் வாயில வரமாட்டேங்குது.”

கண்ணாடிக்குள்ளிருந்து வந்த காற்று அவளுடைய நரைமுடியை மெல்ல அசைத்தது.