உள்ளே இறுகும் கயிறு

கலவாய் மீனின் வயிற்றுக்குள் கயிறு உரசியது.

கனிசியஸ் ஹெட்போனைக் கழற்றி, காதைத் துடைத்து, மறுபடி மாட்டினான். வெளிநாட்டு வானொலி ஒன்றுக்காக உயிர்களின் உட்சத்தங்களைப் பதியும் வேலை. எந்த மைக் சரிவரும் என்று பார்க்கத்தான் கொழும்புத்துறையில் காலையில் உயிரோடு வாங்கிய மீனைத் தொட்டியில் விட்டிருந்தான். நீருக்கடி மைக்கில் செவுள் மூடித் திறப்பதும், குடல் நகரும் மெல்லிய களகளப்பும், அவற்றுக்கும் அடியில் நனைந்த நைலோன் கயிறு வள்ளத்தின் விளிம்பில் இறுகி உரசுவதும் கேட்டன. மூன்று தரம். கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி மூன்று தரம்.

சனியன் பிடித்த மைக் என்று அதைப் பிடுங்கி எறிந்தான்.

ஒட்டு மைக்கை எடுத்துப்போய் வீட்டு வளவில் கட்டியிருந்த ஆட்டின் விலாவில் ஒட்டினான். இலைகுழை அரைபடும் சத்தம், இரைப்பையின் புரளல், இதயம். பிறகு கயிறு. மூன்று தரம். ஹெட்போனைக் கழற்றி மண்ணில் போட்டான்.

மூன்று இழுவை என்றால் மேலே தூக்கு என்று அர்த்தம். எந்தச் சுழியோடிக்கும் அது தெரியும். போன ஆடியில் மனைவி லவீனாவின் தம்பி றஜிந்தன் மைக்கோடு மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கியபோது, கயிறு கனிசியஸின் கையில்தான் இருந்தது. பதிவு அவ்வளவு சுத்தமாக வந்துகொண்டிருந்தது, இழுத்தால் கெட்டுவிடும். இன்னும் ஒரு நிமிடம் என்று நினைத்தான். நான்கு நிமிடம் போனது. றஜிந்தன் பிணமாகத்தான் மேலே வந்தான். கயிறு கடலடிப் பாறைப் பாரில் சிக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னான், பாவி. ஊரும் நம்பியது.

திரும்பினான். லவீனா ஹெட்போனை எடுத்து மாட்டியிருந்தாள்.

"தம்பி கதைக்கிறான்," என்றாள்.

"உனக்கென்ன விசரே? அது ஆட்டின்ரை வயிறு."

"ஓம். மூண்டு தரம் இழுத்தவனாம். நீங்கள் கயித்தைக் கையிலை வச்சுக்கொண்டே இருந்தனீங்களாம்."

அவள் அழவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. ஆட்டிலிருந்து மைக்கை உரித்து, அவன் தொப்புளுக்கு மேல் அழுத்திப் பிடித்தாள்.

"உங்கடை வயித்தையும் ஒருக்கால் கேப்பம்."

ஓட நினைத்தான். அவள் விடவில்லை. நாக்கில் உப்புத் தண்ணீர்.

"வாறானாம்," என்றாள்.

சட்டைக்குக் கீழே, தோலுக்கும் கீழே, ஏதோ விரிந்தது. குளிர். ஐந்து விரல்கள். அவை ஒரு விலா எலும்பைப் பற்றின. அடுத்ததைப் பற்றின. நெஞ்சுக்கு வந்தன.

"மேலை வா, ராசா," என்றாள் லவீனா. அவன் தாடையை இரண்டு கையாலும் பிடித்து, வாயை அகலப் பிளந்தாள்.